இருபது ஆண்டு அலமாரியில் கிடந்த குவாட் 33

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து நீங்கள் கேட்டிருப்பவை, எழுதியிருக்கும் முறையில், மூன்று கேள்விகள். மறைந்த உங்கள் மாமனாரின் குவாட் 33 ப்ரீஆம்ப்ளிஃபையரும் (மெல்லிய ஒலி மின்னலையை முதலில் பெருக்கிச் சீராக்கும் கருவி) அதன் துணையான 303 பவர் ஆம்ப்ளிஃபையரும் (அதை ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குப் பெருக்கும் கருவி) ஒரு பெட்டி இசைத்தட்டுகளோடு இருபது ஆண்டுகளாக அலமாரியில் கிடக்கின்றன. அப்படியே பிளக்கில் செருகிப் பார்க்கலாமா என்பது முதல் கேள்வி. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் (மின்னேற்றத்தைத் தேக்கும் பாகம்), டிரான்சிஸ்டர் (மின்னலையைப் பெருக்கும் பாகம்) அனைத்தையும் மாற்ற வேண்டும், 1,800 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னது நியாயமா என்பது இரண்டாவது. எதையும் தொடாதீர்கள், தொட்டால் அந்தக் கால ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரின் இனிமை போய்விடும் என்று நண்பர் எச்சரித்தது உண்மையா என்பது மூன்றாவது. மூன்றையும் இரண்டு முறை படித்த பிறகு எனக்குப் படுவது, நீங்கள் உண்மையில் கேட்க விரும்புவது ஒன்றைத்தான்: மாமனார் கேட்ட அந்த ஓசை பெட்டிக்குள் இருக்கும் பழைய பாகங்களில் இருக்கிறதா, அல்லது அந்தப் பாகங்களை இணைத்திருக்கும் விதத்தில் இருக்கிறதா? பாகங்களில் இருக்கிறது என்றால் நண்பர் சொல்வது சரி. இணைப்பில் இருக்கிறது என்றால் தேய்ந்ததை மாற்றுவதில் தவறில்லை. ஓசையின் பெரும்பகுதி இணைப்பில், அதாவது மின்சுற்றிலும் அதிலுள்ள பாகங்களின் மதிப்புகளிலும்தான் இருக்கிறது என்பது என் முடிவு. ஆனால் அதனாலேயே கடைக்காரர் சொன்னது போல எல்லாவற்றையும் பிடுங்கிப் போட வேண்டும் என்றும் ஆகிவிடாது.

கோலாலம்பூர் செந்தூலில் சிறிய பட்டறை ஒன்றை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வருகிறேன். இந்த வகைக் கருவிகள் பல என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. ஆனால் உங்கள் கருவியை நான் பார்க்கவில்லை. கீழே சொல்வதில் எது எந்தக் குவாட் 33க்கும் பொருந்தும், எது திறந்து அளந்த பிறகே தெரியும் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஜெர்மேனியம் பற்றிய கவலையைத் தீர்த்துவிடலாம். டிரான்சிஸ்டரை ஜெர்மேனியத்திலும் செய்யலாம், சிலிக்கானிலும் செய்யலாம். குவாட் 33இல் இருப்பவை சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள். பீட்டர் வாக்கர் 1936இல் தொடங்கி, பின்னர் இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் இயங்கிய நிறுவனம், வால்வில் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாயில்) இயங்கிய தன் 22 என்ற ஸ்டீரியோ கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பதிலாக 1967இல் 33ஐயும், அதனோடு 303ஐயும் வெளியிட்டது. மற்ற நிறுவனங்கள் சில ஆண்டுகள் முன்பே டிரான்சிஸ்டருக்கு மாறியிருந்தன. 1963இல் வந்த லீக் நிறுவனத்தின் ஸ்டீரியோ 30 ஆம்ப்ளிஃபையர் போன்றவை ஜெர்மேனியத்தில்தான் கட்டப்பட்டன. வாக்கர் அவசரப்படாமல் சிலிக்கான் விலையிலும் தரத்திலும் பிடிக்குள் வரும்வரை பொறுத்திருந்தார் என்றே நான் அந்த வரிசையைப் புரிந்துகொள்கிறேன். பொறுத்திருந்ததற்குக் காரணமும் உண்டு. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரில் அடைத்திருக்க வேண்டிய நேரத்திலும் கசியும் மின்னோட்டம், வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி ஏறும்போதெல்லாம் இரட்டிப்பாகும். லண்டனின் குளிர் அறையில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் சுற்று, நம் ஊரில் மத்தியான நேரத்து மாடி அறையில் தன் இயங்கு நிலையிலிருந்து நழுவிவிடும். 1959இல் இயற்பியலாளர் ஜான் ஹோர்னி வகுத்த பிளேனர் முறை சிலிக்கானின் மேற்பரப்பை ஆக்சைடால் மூடிப் பாதுகாத்த பிறகுதான், இரைச்சல் குறைந்த, ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்கும் சிறு டிரான்சிஸ்டர்கள் சாதாரண விலைக்குக் கிடைக்கத் தொடங்கின. ஐரோப்பிய ஆடியோ கருவிகளில் எங்கும் நிறைந்திருக்கும் பிசி107, பிசி108, பிசி109 டிரான்சிஸ்டர் குடும்பம் அந்த மாற்றத்தின் பிள்ளைதான். உங்கள் நண்பர் எச்சரித்தது நல்லெண்ணத்தால். ஆனால் அவர் மனத்தில் இருப்பது வேறொரு கருவி. ஐயமிருந்தால் கருவி இயங்கும்போது டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே மீட்டரை வைக்கச் சொல்லுங்கள். 0.6 அல்லது 0.65 வோல்ட் காட்டினால் சிலிக்கான், 0.2 அல்லது 0.3 காட்டினால் ஜெர்மேனியம்.

ஒரு ப்ரீஆம்ப் எவ்வளவு நுட்பமான வேலையைச் செய்கிறது என்பதைச் சொன்னால்தான், எந்தப் பாகம் கெட்டால் என்ன கேட்கும் என்பது விளங்கும். டர்ன்டேபிளின் காந்தக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பகுதி) தருவது சராசரியாக 5 மில்லிவோல்ட் அளவுதான். 303 தன் முழுத் திறனைக் காட்ட 0.5 வோல்ட் வேண்டும். இடையில் நூறு மடங்கு பெருக்கம். அதோடு முடியவில்லை. இசைத்தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிவார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். 1954 முதல் ஆர்ஐஏஏ (அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம்) என்ற பெயரில் நிலைபெற்ற அந்த வளைகோட்டின்படி 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 19 டெசிபெல் கூடுதலாகவும், 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ அதே அளவு குறைவாகவும் பெருக்க வேண்டும். அதாவது மிகத் தாழ்ந்த ஒலிக்குக் கிடைக்கும் பெருக்கம் மிக உயர்ந்த ஒலிக்குக் கிடைப்பதைவிட 80 மடங்குக்கும் மேல். இந்த வளைகோட்டை உருவாக்குபவை சில மின்தடைகளும் சில கெபாசிட்டர்களும் மட்டுமே. அவற்றின் மதிப்பு ஐந்து விழுக்காடு நழுவினாலும் இடது பக்கக் குரலும் வலது பக்கக் குரலும் ஒன்றையொன்று ஒத்துப்போகாது. பழைய கருவியின் ‘இனிமை’ என்று சிலர் சொல்வது, நான் அளந்து பார்த்த அளவில், பல நேரங்களில் இந்த நழுவல்தான்: மேல் பகுதி சற்றே மங்கி, கீழ்ப்பகுதி சற்றே தளர்ந்து, கேட்பதற்கு இதமாக இருக்கும். அது வடிவமைத்தவர் தந்த ஓசையன்று. காலம் சேர்த்த ஓசை.

நம் நாட்டில் காலம் வேகமாகவே சேர்க்கிறது. காற்றில் ஈரம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கிறது. கடலோரப் பினாங்கில் அதோடு உப்பும் கலந்திருக்கிறது. மின்னாற்பகுப்புக் கெபாசிட்டர் (எலக்ட்ரோலிடிக்) என்பது அடிப்படையில் ஓர் ஈரமான பொருள். ரப்பர் மூடியின் வழியே அதன் திரவம் மெல்ல மெல்ல உலர்ந்துபோகும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பட்டறைக் கணக்கு. பயன்படுத்தாமல் வைத்திருந்தால் வேறொரு கேடு வரும்: உள்ளே அலுமினியத் தகட்டின்மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் பலவீனமாகிவிடும். பழைய கார்பன் மின்தடைகள் ஈரத்தை இழுத்துக்கொண்டு மதிப்பில் ஏறும், கூடவே இரையவும் தொடங்கும். சுவிட்சுகளின் வெள்ளி பூசிய தொடுமுனைகள் கறுத்துப்போகும். குவாட் 33இல் இதோடு இன்னொன்று உண்டு. உள்ளே உள்ள பலகைகள் செருகிக் கழற்றும் வகையைச் சேர்ந்தவை. இசைத்தட்டுக்கான சிறு பலகையைக் கழற்றித் திருப்பிச் செருகினால் வேறு வகைக் கார்ட்ரிட்ஜுக்குப் பொருந்தும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அழகான யோசனை. ஆனால் ஒவ்வொரு செருகுமுனையும் துரு ஏறக் காத்திருக்கும் இடம். நின்று நின்று வரும் ஒலி, ஒரு பக்கம் திடீரென்று மறைவது, தட்டினால் திரும்புவது எல்லாவற்றுக்கும் என் அனுபவத்தில் முதல் குற்றவாளி இந்தச் செருகுமுனைகளே. கெபாசிட்டர் அடுத்துத்தான் வரும். காற்றோட்டத் துளைகள் வழியே பல்லி நுழைந்து முட்டையிடுவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை நான் திறந்த கருவியில் முட்டை ஓடுகள் ஒட்டியிருந்த இடத்தில் செம்புத் தடம் பச்சையாக அரித்துப்போயிருந்தது. அந்த ஓர் அங்குலத் தடத்தை மெல்லிய கம்பியால் மீண்டும் இணைத்ததும் கருவி பாடியது. வேறொன்றும் மாற்றவில்லை.

இனி முதல் கேள்வி. அப்படியே செருகாதீர்கள். பிளக்கைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. பின்புறம் வோல்ட் தேர்வு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கருவியாக இருந்தால் அது 110இல் நிற்கக்கூடும், அந்த நிலையில் நம் மின்சாரத்தைக் கொடுத்தால் மின்மாற்றி வெந்துபோகும். நம் நாட்டு மின்சாரம் பெயரளவில் 230 வோல்ட் என்றாலும், வீடுகளில் நான் அளக்கும்போது பெரும்பாலும் 240ஐ ஒட்டியே இருக்கிறது. ஆகவே 240 என்ற நிலையில் வைப்பதே சரி. மின்கம்பியின் ரப்பர் உறை வெடித்திருந்தால், அல்லது வளைத்தால் உதிர்ந்தால், அதை மாற்றாமல் மேலே போக வேண்டாம். மூன்று முனைப் பிளக்கில் எர்த் கம்பி உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். ஹம் என்னும் முனகல் சத்தத்தைக் குறைக்க யாரோ ஒருவர் அதை வெட்டிவிட்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அது உயிருக்கு ஆபத்தான வேலை. பிளக்கின் பியூஸ் 13 ஆம்பியராக இருந்தால் 3 ஆம்பியராக மாற்றுங்கள். அதன் பிறகு, மெகர் என்ற மின்காப்பு அளவி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து, மின்கம்பிக்கும் உலோக உடலுக்கும் இடையே 500 வோல்ட்டில் சோதிக்கச் சொல்ல வேண்டும். அளவு பல மெகா ஓமில் இருக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் இந்த வேலைக்குப் போதாது. அது கொடுப்பது சில வோல்ட் மட்டுமே, ஈரம் ஏறிய மின்காப்பு அந்தச் சில வோல்ட்டில் நல்லபிள்ளையாக நடிக்கும்.

இவை தேறிய பிறகும் நேராகச் செருகாமல், இழை பல்பு ஒன்றைத் தொடராக வைத்துக் கொடுப்பது பழைய பட்டறை வழக்கம். ப்ரீஆம்ப் உண்ணும் மின்சாரம் சில வாட் மட்டுமே என்பதால் 25 வாட் பல்பு போதும். இப்போது கடைகளில் எல்இடி மட்டுமே கிடைக்கிறது என்றால் ஓவனுக்குள் போடும் பல்பைக் கேளுங்கள், அது இழை பல்புதான். செருகியவுடன் பல்பு ஒரு கணம் மினுங்கி மங்கிவிட்டால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ குறுக்கே ஓடுகிறது என்று பொருள். பல்பு அந்தச் சுமையைத் தான் வாங்கிக்கொண்டு மின்மாற்றியைக் காப்பாற்றிவிடும். மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றும் வேரியாக் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்து ஏற்றினால் பலவீனமான ஆக்சைடு படலம் தன்னைத்தானே ஓரளவு சீராக்கிக்கொள்ளும். இந்த நேரம் முழுவதும் 33 தனியாகவே இருக்கட்டும். 303இன் வழி வேறு: அதற்குள் 67 வோல்ட் அளவு மின்சாரம் பெரிய கெபாசிட்டர்களில் தேங்கி நிற்கும், அணைத்த பிறகும் சிறிது நேரம் கடிக்கும். பழக்கமில்லாதவர் அதைத் திறக்கவே கூடாது. அந்தக் கருவியில் ஒலி வெளியேறும் பாதையிலும் கெபாசிட்டர் இருப்பதால், டிரான்சிஸ்டர் செத்தாலும் நேர்மின்னோட்டம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து பாயாது என்பது ஒரு நிம்மதி. இருந்தாலும் முதல் நாள் மாமனாரின் நல்ல ஸ்பீக்கர்களை இணைக்காமல், போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய ஒரு ஜோடியை இணையுங்கள்.

இயங்கத் தொடங்கியதும் செய்ய வேண்டியது கேட்பதும் அளப்பதும்தான். ஸ்டீரியோ கருவியைப் பழுதுபார்ப்பவனுக்கு ஒரு பாக்கியம் உண்டு: இரண்டு சேனல்களும் ஒன்றுக்கொன்று சாட்சி. சுற்று வரைபடம் கையில் இல்லாவிட்டாலும் இடது பக்க டிரான்சிஸ்டரின் மூன்றாவது காலான கலெக்டரில் ஓர் அளவு, வலது பக்கத்தில் அதே இடத்தில் ஓர் அளவு எடுத்து அடுத்தடுத்து எழுதினால் எங்கே கதை மாறுகிறது என்பது தெரிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒருவர் தம் 33ஐக் கொண்டுவந்தார். இடது பக்கம் எண்ணெய் சட்டியில் கடுகு பொரிவது போன்ற இரைச்சல். அதற்கு முன் வேறொரு பட்டறை எல்லா மின்னாற்பகுப்புக் கெபாசிட்டர்களையும் மாற்றி, நல்ல தொகையும் வாங்கியிருந்தது. இரைச்சல் அப்படியே இருந்தது. வால்யூமைக் கீழே இறக்கினேன், இரைச்சலும் இறங்கியது. ஆகவே கோளாறு வால்யூமுக்கு முன்னால். இசைத்தட்டு பொத்தானிலிருந்து ரேடியோ பொத்தானுக்கு மாற்றினேன், இரைச்சல் நின்றது. ஆகவே இசைத்தட்டுக்கான முதல் கட்டத்தில். அங்கே இரண்டு பக்கத்தையும் அளந்தபோது இடது பக்கத்தின் ஒரு கலெக்டரில் வோல்ட் பாதியளவே இருந்தது. மின்சாரத்தை அணைத்து அந்த மின்தடையின் ஒரு காலைக் கழற்றி அளந்தேன்: உடலில் இருந்த வண்ணப் பட்டைகள் 100 கிலோ ஓம் என்றன, மீட்டர் 163 என்றது. சால்டரிங் இரும்பின் நுனியை அதன் அருகே கொண்டுபோனதும் எண் இன்னும் ஆடியது. கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பசார் கடைகளில் சில காசுக்குக் கிடைக்கும் உலோகப் படல மின்தடை ஒன்றைப் போட்டேன். கடுகு பொரிவது நின்றது. முதல் பட்டறை யாரையும் ஏமாற்றவில்லை, தான் பட்டியலில் சொன்னதைச் செய்தது; ஆனால் அளக்காமல் செய்தது.

வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பலரும் உடனே ஸ்ப்ரே அடிப்பார்கள். அடிப்பதற்கு முன் அந்த வால்யூமின் குறுக்கே நேர்மின்னோட்டம் இருக்கிறதா என்று மில்லிவோல்ட் அளவில் பாருங்கள். முன்னால் உள்ள இணைப்புக் கெபாசிட்டர் கசிந்தால், சுத்தமான வால்யூமும் கரகரக்கும்; ஸ்ப்ரே அடித்தால் ஒரு வாரம் நின்று மீண்டும் வரும். அப்படி வந்தால் குற்றம் தூசியில் இல்லை. ஹம் சத்தத்திலும் இதே போன்ற ஒரு பாகுபாடு உண்டு. கேட்பது 50 ஹெர்ட்ஸ் தாழ்ந்த முனகலாக இருந்தால் எர்த் சுழற்சி (எர்த் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைந்து வளையமாவது) அல்லது கம்பியின் உறையில் கோளாறு; கொஞ்சம் மேலே, 100 ஹெர்ட்ஸில் ரீங்காரமாக இருந்தால், முழு அலை ரெக்டிஃபையர் (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் பாகம்) உள்ள கருவியில், மின்வழங்கியின் பெரிய கெபாசிட்டர் உலர்ந்துவிட்டது. காதுக்குப் பழக்கமில்லை என்றால் கைபேசியில் அலைவெண் காட்டும் செயலி ஒன்றை ஸ்பீக்கரின் அருகே பிடித்தாலே போதும்.

இப்போது கடைக்காரரின் 1,800 வெள்ளி. விலையைப் பற்றி நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். வாடகையும் உழைப்பும் ஒவ்வொருவருக்கும் வேறு. வேலைப் பட்டியலைப் பற்றிச் சொல்லலாம். மின்வழங்கியின் பெரிய கெபாசிட்டர்களை அளக்காமலேயே மாற்றலாம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவை நன்றாக இருந்தால் அது அதிசயம், விலையும் சில வெள்ளிதான். ஒலிப்பாதையில் உள்ள சிறு மின்னாற்பகுப்புக் கெபாசிட்டர்களையும் இரு பக்கமும் சேர்த்து மாற்றுவதை ஒப்புக்கொள்கிறேன். ஒற்றை மின்வழங்கியில் ஓடும் அந்தக் காலச் சுற்றுகளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே அத்தகைய கெபாசிட்டர் ஒன்று நிற்கும். அவற்றில் ஒன்று கசிந்தாலும் அடுத்த கட்டம் தன் நிலை தவறும். மாற்றும்போது அதே மதிப்பு, அதே அல்லது உயர்ந்த வோல்ட், கூட்டல் கழித்தல் முனைகள் பழையதில் இருந்தபடியே. வளைகோட்டை உருவாக்கும் பிளாஸ்டிக் படலக் கெபாசிட்டர்களையோ டிரான்சிஸ்டர்களையோ காரணமின்றித் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. படலக் கெபாசிட்டர் பெரும்பாலும் அன்றுபோலவே இருக்கிறது. உலோகத் தொப்பி போட்ட அந்தக் கால பிசி109 வகை டிரான்சிஸ்டர், யாரும் அதை வேகவைக்காதவரை, பெரும்பாலும் நம்மைவிட நீண்ட நாள் இருக்கும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் இன்றைய பிளாஸ்டிக் உடல் டிரான்சிஸ்டரின் கால் வரிசை பழையதைப் போல இருக்காது என்பதையும், உலோகத் தொப்பி கலெக்டரோடு இணைந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. இதே காலத்துக் கருவிகளில், குவாட் அல்லாத சிலவற்றில், ஏஎஃப்117 போன்ற ஜெர்மேனியம் வகைகள் இருந்தால் கதை வேறு. அவற்றின் உடலுக்குள் வெள்ளீய இழைகள் மீசைபோல வளர்ந்து, உள்ளிருக்கும் பாகத்தை உறையோடு இணைத்துவிடும். உங்கள் கருவிக்கு அந்தப் பயம் இல்லை.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘எவ்வளவு?’ என்பதைவிட, ‘மாற்றுவதற்கு முன் எதையெல்லாம் அளப்பீர்கள்?’ என்பதுதான். அளந்த எண்களைத் தாளில் எழுதித் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுங்கள். கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பழைய பலகைகளைத் தூக்கிவிட்டுப் புதிய பலகைகளைச் செருகும் ‘மேம்பாடு’ ஒன்றும் உலவுகிறது. அளவுகளில் அவை மேலாகவே இருக்கும். ஆனால் பிறகு அந்தப் பெட்டிக்குள் பாடுவது வேறொரு கருவி. உங்களுக்கு வேண்டியது மாமனாரின் கருவி என்றால் அதைச் செய்யாதீர்கள், செய்தாலும் பழைய பலகைகளை எறியாதீர்கள். இன்னொரு சிறு எச்சரிக்கை: 2024இல் அதே 33, 303 என்ற எண்களில் அந்தப் பெயர் தாங்கிய நிறுவனம் புதிய கருவிகளை வெளியிட்டிருக்கிறது. தோற்றம் பழையதை ஒத்திருக்கும், உள்ளே வேறு. இணையத்தில் உதிரிப்பாகமோ வரைபடமோ தேடும்போது ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். பழைய 33இலும் உற்பத்தி நீடித்த காலத்தில் பலகைகள் திருத்தப்பட்டிருக்கின்றன. வரைபடத்தைத் தொடர் எண்ணோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஓசையைப் பற்றி. இரைச்சல், ஹம், இரு பக்கச் சமநிலை, வளைகோட்டின் துல்லியம் ஆகியவற்றை அளக்கலாம். தேய்ந்த பாகங்களைச் சம மதிப்புள்ளவற்றால் மாற்றினால் இவை நான்கும் 1967க்கு அருகே திரும்பும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்ன பெயருள்ள கெபாசிட்டர் போட்டால் வயலின் பட்டாக ஒலிக்கும், இன்னொன்றைப் போட்டால் மிருதங்கத்தின் தொப்பி இறுகும் என்ற வகைப் பேச்சுகளை நான் நம்பவும் இல்லை, கேட்கிறவர்களைக் கேலி செய்யவும் இல்லை. எனக்கு வயது 63. 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் என் காது சாட்சி சொல்லாது. அந்த எல்லைக்குள் நான் கேட்ட வேறுபாடுகள் எல்லாவற்றுக்கும் மீட்டரிலும் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. குவாட் 33 இன்றைய நல்ல ப்ரீஆம்ப்பைவிடச் சற்று இரையும். அதை எந்தக் கெபாசிட்டரும் மாற்றாது, அது அந்த வடிவமைப்பின் எல்லை.

ஆனால் இன்றைய கருவிகள் கைவிட்டுவிட்ட சில வசதிகள் அதில் இருக்கின்றன, மாமனாரின் இசைத்தட்டுப் பெட்டிக்கு அவை பெரும் கொடை. முன்பக்கத்தில் 5, 7, 10 என்ற எண்களோடு உள்ள பொத்தான்கள் அத்தனை ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை வெட்டுபவை. எவ்வளவு சரிவாக வெட்ட வேண்டும் என்பதற்குத் தனியே ஒரு குமிழும் உண்டு. தேய்ந்த தமிழ்த் தட்டுகளில் 7இல் வைத்துச் சரிவை மெல்லக் கூட்டினால் கீறல் அடங்கும், குரல் நிற்கும். ஒரேயடியாக வெட்டும் வடிகட்டியில் குரல் மூக்கடைத்தது போல ஆகிவிடும். அந்தக் குமிழைப் புரிந்து பயன்படுத்தினால் இந்தக் குறை வராது. எல்லாவற்றையும் விலக்கிக் கேட்க வேண்டுமென்றால் ரத்துப் பொத்தானும் இருக்கிறது. மோனோ பொத்தானை மறக்காதீர்கள். மோனோ தட்டின் பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பது தூசியும் தேய்மானமும். இரு சேனல்களையும் கூட்டும்போது மேல்-கீழ் அசைவு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அறுபதுகளின் பழைய மோனோ தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தினால், மழை விட்டது போல இருக்கும். பெட்டியில் 78 சுழற்சித் தட்டுகளும் இருந்தால் அவற்றை ஸ்டீரியோ ஊசியில் போடாதீர்கள்: அவற்றின் பள்ளத்துக்கு ஏறத்தாழ 70 மைக்ரான் ஆரமுள்ள ஊசி வேண்டும், எல்பி ஊசியின் ஆரம் 15 முதல் 18 மைக்ரான்தான். அடியில் கிடக்கும் புழுதியை அது உழுதுகொண்டே போகும். அந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை ஆர்ஐஏஏ வளைகோட்டுக்கு முற்பட்டவை என்பதால் ஒலிச் சமநிலையைக் குமிழ்களால் காதுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இன்றைய கருவிகளை இணைப்பதில் ஒரே ஒரு சிக்கல். சிடி பிளேயரோ கைபேசியோடு இணைக்கும் டிஏசியோ (டிஜிட்டல் தரவை ஒலி மின்னலையாக்கும் கருவி) 2 வோல்ட் வரை தரும். 33இன் ரேடியோ உள்ளீடு எதிர்பார்ப்பது 0.1 வோல்ட். இருபது மடங்கு அதிகம். வால்யூமை ஒரு மயிரிழை திருப்பினாலே வீடு அதிரும், அந்தத் தொடக்கப் பகுதியில்தான் இரு பக்கமும் சமமாக இருக்காது. ஒவ்வொரு பக்கத்துக்கும் 47 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகவும், 4.7 கிலோ ஓம் ஒன்றை எர்த்துக்கும் வைத்து, அதைச் செருகியின் உறைக்குள்ளேயே சால்டர் செய்துவிட்டால் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். செருகிகள் வட்டமான ஐந்து முனை டின் (DIN) வகை. ஜாலான் பசாரில் இன்னும் கிடைக்கின்றன. பினாங்கின் லோரோங் குலிட் பழம்பொருள் சந்தையில் கிடைப்பவற்றை நம்ப வேண்டாம், கம்பிகள் எந்த முனைக்குப் போகின்றன என்று ஒவ்வொன்றையும் மீட்டரில் பார்த்த பிறகே செருகுங்கள். ஒலி உள்ளே வரும் முனைகளும் பதிவுக்கு வெளியே போகும் முனைகளும் ஒரே செருகியில் இருக்கும் டேப் இணைப்பில் இது முக்கியம்.

மின்கம்பி, பியூஸ், மெகர் சோதனை ஆகிய மூன்றும் முடிந்த பிறகு, மூடியைத் திறந்த நிலையில் பலகைகளின் படங்களையும் பின்புறத்துத் தொடர் எண்ணையும், இரு பக்கக் கலெக்டர்களின் வோல்ட் அளவுகளையும் எழுதி அனுப்பினால், எந்தப் பாகத்தை முதலில் கழற்ற வேண்டும் என்று இங்கிருந்தே சொல்ல முடியும். அதுவரை இடியிடிக்கும் மாலைகளில் பிளக்கைச் சுவரில் விட்டுவைக்காதீர்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.